டெஸ்ட் நெகட்டிவ், மூச்சோ திணறல்: எந்த மெஷினை நம்புவது?

கேள்வி: 2021 மே மாதம் என் அப்பாவுக்குக் காய்ச்சல் வந்தது. அப்போது அவருக்கு வயது 66, சர்க்கரை உண்டு. மறுநாளே கொரோனாவுக்கான ஆர்.டி.பி.சி.ஆர். டெஸ்ட் எடுத்தோம், நெகட்டிவ். நிம்மதியாக இருந்துவிட்டோம். ஏழாம் நாள் பக்கத்து வீட்டுத் தம்பி கொண்டுவந்த ஆக்சிமீட்டர் 88 காட்டியது. ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ஸ்கேனில் இரண்டு நுரையீரலிலும் பாதிப்பு. பதினோரு நாள் ஆக்சிஜனில் இருந்து பிழைத்து வந்தார். அன்றிலிருந்து, "டெஸ்டு, மெஷினு எல்லாம் ஏமாத்து வேலை" என்கிறார். ஐ.டி.யில் இருக்கும் என் மகனோ, அடுத்த பெருந்தொற்றைச் செயற்கை நுண்ணறிவே பார்த்துக்கொள்ளும் என்கிறான். யார் சொல்வது சரி? பிறகு நாங்களும் ஒரு ஆக்சிமீட்டர் வாங்கினோம். பீரோவில் கிடக்கிறது. வைத்திருக்கலாமா, தூக்கிப் போடலாமா?
– வாசகி, மன்னார்குடி

பதில்: உங்கள் அப்பாவின் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் ஒன்றை அவருக்கு ஞாபகப்படுத்துங்கள்: அவரை ஏழாம் நாள் கண்டுபிடித்துக் கொடுத்ததும் ஒரு மெஷின்தான்.

முதலில் அந்த நெகட்டிவ். ஆர்.டி.பி.சி.ஆர். டெஸ்டில் மூக்கிலிருந்தும் தொண்டையிலிருந்தும் எடுத்த சளியில் வைரஸின் மரபுப் பொருள் துளியளவு இருந்தாலும் போதும். மெஷின் அதைப் படியெடுத்து ஒன்றை இரண்டாக்கும், இரண்டை நான்காக்கும். முப்பது சுற்று ஓடினால் ஒன்று 107 கோடியாகிவிடும். அவ்வளவு கூர்மையான டெஸ்ட். ஆனால் குச்சியில் ஒட்டாததை எத்தனை சுற்று ஓடினாலும் பெருக்க முடியாது. பூஜ்யத்தை இரண்டால் பெருக்கினால் பூஜ்யம்தானே.

குச்சியில் ஒட்டுவதற்கு நாள் கணக்கு உண்டு. தொற்றிய முதல் ஓரிரு நாளில் டெஸ்ட் எடுத்தால் அநேகமாக எதுவும் தெரியாது. 2020இல் ஏழு ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்டுப் பார்த்தார்கள். அறிகுறி தொடங்கும் நாளில், உண்மையில் கொரோனா இருப்பவர்களிலேயே நூற்றுக்கு 38 பேருக்கு நெகட்டிவ் வந்துவிடுகிறது. மூன்று நாள் கழித்து எடுத்தால் அது 20ஆகக் குறைகிறது. அதன்பின் மறுபடி ஏறுகிறது. உங்கள் அப்பாவுக்கு எடுத்தது காய்ச்சல் வந்த மறுநாள். காய்ச்சல் விடவில்லை என்றால் இரண்டு மூன்று நாள் கழித்து இன்னொரு முறை எடுத்திருக்க வேண்டும். அதை உங்களுக்குச் சொல்லாதது டாக்டர்களான எங்கள் ஆட்களின் தப்பு. "நெகட்டிவ்" என்று மொபைலுக்கு மெசேஜ் போனதோடு எங்கள் வேலை முடிந்துவிட்டதாக இருந்துவிட்டோம்.

சளி எடுத்த கையும் முக்கியம். குச்சி மூக்கின் அடி ஆழம் வரை போக வேண்டும். கண்ணில் தண்ணீர் வரும், முகம் சுளிக்கத் தோன்றும். அந்த மே மாதத்தில் வரிசை கேட்டைத் தாண்டித் தெருவில் நின்றது. கவச உடைக்குள் வியர்வையில் ஊறிய பிள்ளைகள் மூக்கு ஓரத்தைத் தொட்டுவிட்டு, "ஆச்சு, அடுத்தவங்க வாங்க" என்று அனுப்பியதைப் பார்த்திருக்கிறேன். ஒரு முகாமில் சளிக் குழாய்கள் ஐஸ் பெட்டிக்கு வெளியே, மர பெஞ்சில் வெயிலில் நின்றன. யாரையும் குறை சொல்லவில்லை. அன்றைக்கு நானும் மதியம் சாப்பிட்டது நாலு மணிக்கு.

இன்னொரு கூத்தும் நடந்தது, உங்கள் வீட்டிலும் நடந்திருக்கும். 'சி.டி. எவ்வளவு?' என்று ஊரே ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டது. சி.டி. என்ற பெயரில் இரண்டு எண்கள் உலவின. ஒன்று ஆர்.டி.பி.சி.ஆர். ரிப்போர்ட்டில் வரும் சி.டி. வேல்யூ: எத்தனையாவது சுற்றில் வைரஸ் தென்பட்டது என்ற கணக்கு. அது குறைவாக இருந்தால் வைரஸ் அதிகம். 20க்கும் 30க்கும் ஏறக்குறைய ஆயிரம் மடங்கு வித்தியாசம். இன்னொன்று ஸ்கேனில் வரும் சி.டி. ஸ்கோர், 25க்கு இத்தனை என்று போடுவார்கள். அது அதிகமானால்தான் பாதிப்பு அதிகம். முதலாவதில் 18 வாங்கியவர் ஸ்கேன் மார்க் என்று நினைத்து அழுதார். இரண்டாவதில் 18 வாங்கியவர், "குறைச்சல்தானே டாக்டர்" என்று சிரித்தார்.

இனி ஆக்சிமீட்டர். இதைப் பற்றிப் பேச எனக்கு ஆசை அதிகம், பொறுத்துக்கொள்ளுங்கள். டோக்கியோவில் தகுவோ அவோயகி என்ற பொறியாளர் 1970களின் தொடக்கத்தில் வேறெதையோ அளக்கப்போனார். ரத்தத்தில் சாயம் செலுத்தி இதயம் எவ்வளவு ரத்தம் தள்ளுகிறது என்று காதுமடல் வழியே ஒளி பாய்ச்சிப் பார்த்தார். நாடித் துடிப்பு குறுக்கே வந்து கணக்கைக் கெடுத்தது. தொல்லை கொடுத்த அந்தத் துடிப்பையே பிடித்துக்கொண்டார். துடிக்கும்போது மாறும் ஒளி தமனி ரத்தத்தால் வருவது; ஆகவே அதை மட்டும் பிரித்தால் அந்த ரத்தத்தில் எவ்வளவு ஆக்சிஜன் என்று ஊசி குத்தாமலே தெரிந்துவிடும். விரலில் மாட்டியதும் தெரிகிறதே சிவப்பு வெளிச்சம், அதனுடன் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியும் போகிறது. ஆக்சிஜன் ஏறிய ரத்தம் ஒன்றை அதிகம் விழுங்கும், ஏறாத ரத்தம் இன்னொன்றை. அந்த விகிதத்திலிருந்து கணக்கிட்டதுதான் உங்கள் 88, அதாவது 88 சதவீதம். அவோயகி 2020 ஏப்ரலில் காலமானார், உலகமே அவர் கருவியைத் தேடி அலைந்துகொண்டிருந்த மாதத்தில்.

ஏன் அலைந்தோம்? கொரோனாவில் பலருக்கு ஆக்சிஜன் இறங்கும், மூச்சுமுட்டல் மட்டும் தெரியாது. மூச்சு முட்டுகிறது என்று மூளைக்கு முக்கியமாகச் சொல்வது உடம்பில் சேரும் கரியமில வாயு. அது ஒழுங்காக வெளியே போய்க்கொண்டிருக்கும்வரை ஆள் சாதாரணமாகவே இருப்பார். என்னிடம் ஒருவர் தானே ஸ்கூட்டர் ஓட்டிக்கொண்டு வந்து, மகளிடம் போனில் பால் பாக்கெட் விஷயம் பேசிக்கொண்டே விரலை நீட்டினார். 79. மெஷின் ரிப்பேரோ என்று என் விரலில் மாட்டிப் பார்த்தேன், 98. உங்கள் அப்பாவும் அன்று காலை இட்லி சாப்பிட்டிருப்பார்.

அந்த எண்ணை வைத்துத்தான் மருந்தும் தீர்மானமானது. பிரிட்டனில் நடந்த ரெகவரி என்ற பரிசோதனையில் 2,104 பேருக்கு டெக்சாமெதசோன் என்ற ஸ்டீராய்டு மருந்தைக் கொடுத்து, கொடுக்காத 4,321 பேருடன் ஒப்பிட்டார்கள். 2020 ஜூனில் முடிவு வந்தது. வென்டிலேட்டரில் இருந்தவர்களில் சாவு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது, ஆக்சிஜனில் இருந்தவர்களில் ஐந்தில் ஒரு பங்கு. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு ஒரு பலனும் இல்லை. சில ரூபாய் மாத்திரை அது, பல ஆண்டுகளாக எங்கள் மேஜையில் இருப்பது. யாருக்குக் கொடுக்கலாம், யாருக்குக் கூடாது என்று சீட்டுக் குலுக்கிப்போட்டதுபோல் ஆட்களைப் பிரித்துப் பார்த்த அந்த முறைதான், என்னைக் கேட்டால், அந்த வருடத்தின் பெரிய தொழில்நுட்பம். அதே பரிசோதனைதான் ஹைட்ராக்சிகுளோரோகுவின் என்ற மலேரியா மருந்து கொரோனாவுக்கு உதவாது என்றும் காட்டியது. இதைக் காதில் வாங்காமல், ஆக்சிஜன் 98 இருந்தவர்களுக்கும் இரண்டாம் நாளே ஸ்டீராய்டு எழுதியவர்கள் உண்டு. கட்டுப்படாத சர்க்கரையும் அதுவும் சேர்ந்த இடத்தில் கறுப்புப் பூஞ்சை வந்தது.

தடுப்பூசி பற்றி நீங்கள் எழுதவில்லை. சீன விஞ்ஞானிகள் இந்த வைரஸின் மரபுப் பொருளில் உள்ள வேதி எழுத்துகளின் வரிசையை வெளியிட்டது 2020 ஜனவரியில். அந்த எழுத்துகளை வைத்தே உலகெங்கும் டெஸ்டும் வந்தது, பல தடுப்பூசிகளும் வந்தன. டிசம்பர் 8 அன்று பிரிட்டனில் முதல் ஊசி. நம் நாட்டில் 60 கடந்தவர்களுக்கு 2021 மார்ச் 1 முதல் போட்டார்கள். அப்பா மே மாதத்துக்குள் போட்டுக்கொண்டாரா?

மகனுக்கு ஒரு வார்த்தை. எக்ஸ்ரேயையும் ஸ்கேனையும் பார்த்துக் கொரோனாவைக் கண்டுபிடிக்க 2020இல் செயற்கை நுண்ணறிவு நிரல்கள் குவிந்தன. 62 ஆய்வுகளை எடுத்து அலசியவர்கள், ஒன்றுகூட ஆஸ்பத்திரியில் பயன்படுத்தும் தரத்தில் இல்லை என்றார்கள். சிலவற்றுக்குக் கொரோனா இல்லாத நுரையீரல் என்று காட்டியவை குழந்தைகளின் எக்ஸ்ரேக்கள். அந்த நிரல் கற்றுக்கொண்டது பெரியவர் யார், குழந்தை யார் என்று பிரிக்கத்தான்! அடுத்த முறை நன்றாக வரலாம். அதுவரை ஆக்சிமீட்டரைத் தூக்கிப் போட வேண்டாம்.

பேட்டரியைக் கழற்றித் தனியாக வையுங்கள், கசிந்தால் கெட்டுவிடும். அப்பா நலமாக இருக்கும்போது ஒரு வாரம் தினமும் பார்த்து, அவருடைய வழக்கமான எண்ணைக் காலண்டரில் குறித்து வையுங்கள். நகப்பூச்சு, அடர்ந்த மருதாணி இல்லாத விரல். கை சில்லிட்டிருந்தால் தேய்த்துச் சூடாக்குங்கள். மாட்டியதும் வரும் முதல் எண்ணை விட்டுவிட்டு ஒரு நிமிடம் கழித்து நிலைத்து நிற்பதை எடுங்கள். கறுத்த தோலில் இந்தக் கருவி உள்ளதைவிடச் சற்றுக் கூட்டிக் காட்டக்கூடும். ஆகவே ஒரே ஒரு எண்ணைவிட, நேற்றைக்கு இன்று இறங்குகிறதா என்பதைக் கவனியுங்கள். காய்ச்சலும் இருமலும் உள்ளபோது 94க்குக் கீழே போனால் டெஸ்ட் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். மூச்சு வாங்கினாலும், உதடு நீலம் பாய்ந்தாலும், ஆள் உளறினாலும், எண் எவ்வளவு காட்டினாலும் கிளம்புங்கள்.

அப்பாவின் மூன்று மாத சராசரி சர்க்கரை அளவு இப்போது எவ்வளவு என்றும் அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.