ஆச்சியிடம் கேளுங்கள்: ‘அவுட்ஸ்டாண்டிங்’ நர்சரியா, ‘எக்ஸ்பெக்டட்’ நர்சரியா?

கேள்வி: ஆச்சிக்கு வணக்கம். மகளும் மாப்பிள்ளையும் இங்கிலாந்தில் ரெடிங்கில் இருக்கிறார்கள். பேத்திக்கு 14 மாதம். மகள் வேலைக்குத் திரும்பப் போகிறாள், பிள்ளையை நர்சரியில் விட வேண்டும். ஒரு நர்சரிக்கு 2021-ல் ‘அவுட்ஸ்டாண்டிங்’ கிடைத்திருக்கிறது. இன்னொன்றுக்கு இந்த வருஷம் வந்த ரிப்போர்ட்டில் எல்லா இடத்திலும் ‘எக்ஸ்பெக்டட் ஸ்டாண்டர்ட்’ என்றே போட்டிருக்கிறது. மாப்பிள்ளைக்கு முதலாவது, மகளுக்கு இரண்டாவது. ரெண்டையும் வாட்ஸ்அப்பில் அனுப்பி, ‘ஆத்தா, நீ என்ன சொல்றே?’ என்கிறாள். நான் என்ன சொல்லட்டும்?
வாசகி, தேவகோட்டை

பதில்: அந்த இரண்டும் ஒரே தராசில் நிறுத்தவை இல்லை. அங்கே நர்சரிகளைச் சோதிக்கிற அரசு அமைப்புக்கு ஆஃப்ஸ்டெட் என்று பெயர். முன்பு நர்சரி முழுவதற்கும் ஒரே சொல்லாகத் தீர்ப்புக் கொடுத்தார்கள், மேலிருந்து கீழாக: அவுட்ஸ்டாண்டிங், குட், ரெக்வயர்ஸ் இம்ப்ரூவ்மென்ட், இனாடிக்வேட். 2025 நவம்பரிலிருந்து அந்த ஒற்றைச் சொல்லை எடுத்துவிட்டார்கள். கற்பிப்பது, பிள்ளைகளின் நலன், நிர்வாகம் என்று தனித்தனியாகப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் ஐந்து படியில் ஒன்று தருகிறார்கள். கீழே ‘அர்ஜென்ட் இம்ப்ரூவ்மென்ட்’, அதற்கு மேல் ‘நீட்ஸ் அட்டென்ஷன்’, நடுவில் ‘எக்ஸ்பெக்டட்’, பிறகு ‘ஸ்ட்ராங்’, உச்சியில் ‘எக்ஸப்ஷனல்’. பிள்ளைகளின் பாதுகாப்புக்கு மட்டும் படி கிடையாது. ‘மெட்’ (சரியாக இருக்கிறது) அல்லது ‘நாட் மெட்’ (இல்லை), அவ்வளவுதான். முதலில் பார்க்க வேண்டிய வரி அது.

நடுப்படி என்றதும் நம் மனசு ‘சுமார்’ என்று எடுத்துக்கொள்கிறது. அப்படி இல்லை. ‘எக்ஸ்பெக்டட்’ என்றால் சட்டமும் விதியும் கேட்கிற அத்தனையும் அங்கே நடக்கிறது என்று அர்த்தம். மாப்பிள்ளையிடம் இதைப் பக்குவமாகச் சொல்லுங்கள்.

நான் லண்டனில் ஈஸ்ட் ஹாம் பக்கம் ஒரு நர்சரியில், கைக்குழந்தைகள் அறையில், 11 வருஷம் வேலை பார்த்தவள். முதல் நாள் மதியம் போன் வரும், மறுநாள் காலையில் இன்ஸ்பெக்டர் வந்து நிற்பார். மேனேஜரோடு அறை அறையாக நடப்பார், தரையில் உட்கார்ந்து கவனிப்பார், எங்களிடம் ‘இந்தப் பிள்ளைக்கு அடுத்து என்ன பழக்கப் போகிறீர்கள்?’ என்று கேட்பார். ஒரு நாள் வேலை. அந்த ஒரு நாளில் யார் யார் அறையில் இருந்தார்களோ அவர்களுக்குக் கிடைத்த மார்க் அது.

என் பேரனை ஒரு ‘அவுட்ஸ்டாண்டிங்’ நர்சரியில் விட்டோம், பெயர் வேண்டாம். வாசலில் பெரிய பேனர். சோதனை நடந்தபோது இருந்த மேனேஜரும் போய், பழைய பெண்களும் போய், ஆறு மாதத்தில் அவனுக்கு மூன்று ‘கீ பெர்சன்’ மாறினார்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் பொறுப்பாக ஒருவரை வைப்பார்களே, அவர்தான். ஒரு சாயங்காலம் கூப்பிடப் போனேன், அவன் கையில் கேக் துண்டு. அவனுக்கு முட்டை ஆகாது. அட்டையில் எழுதித்தான் வைத்திருந்தார்கள், புதிதாக வந்த பெண் அதைப் பார்க்கவில்லை. வாயில் வைக்கும் முன் பிடுங்கினேன். இன்றைக்கும் நினைத்தால் கை நடுங்குகிறது.

அதனால் 2021 ரிப்போர்ட்டில் இருக்கிற மேனேஜர் இப்போதும் இருக்கிறாரா என்று மகளைக் கேட்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் அந்தச் சொல்லுக்கு மதிப்புக் கொடுக்க வேண்டாம். நம் ஊரில் சம்பந்தம் பேசப் போனால் முகப்போடு திரும்புகிறோமா? வளவைத் தாண்டி அடுப்படி வரை கண் போகும். அப்படிப் பார்க்கட்டும். அதிலும் பகல் சாப்பாட்டு நேரத்தில் போகட்டும், அப்போதுதான் ஆள் பற்றாக்குறை தெரியும். இரண்டு வயதுக்குக் கீழே மூன்று பிள்ளைக்கு ஒருவர் இருக்க வேண்டும், இரண்டு வயதில் ஐந்துக்கு ஒருவர். எண்ணிப் பார்க்கலாம், தப்பில்லை. டயப்பர் மாற்றுகிற பெண் பிள்ளையின் முகத்தைப் பார்த்துப் பேசுகிறாளா, சுவரைப் பார்த்துக்கொண்டு துடைக்கிறாளா? நான் அதைத்தான் பார்ப்பேன். பேத்திக்கு யார் கீ பெர்சன், அவர் அங்கே எத்தனை வருஷமாக இருக்கிறார் என்பதையும் கேட்கட்டும்.

மகள் சொல்கிற நர்சரியில் இதெல்லாம் சரியாக இருந்தால், உங்கள் மகள் பக்கம்தான் நான்.

சேர்க்கிற அன்றைக்கு ஒரு சீட்டில் பேத்தியின் சொற்களை ஆங்கில எழுத்தில் எழுதி அந்தக் கீ பெர்சனிடம் கொடுக்கச் சொல்லுங்கள்: இங்கா என்றால் பால், மம்மு என்றால் சாதம், தாச்சி என்றால் தூக்கம். எங்கள் நர்சரிக்குப் புதிதாக வந்த ஒரு தமிழ்ப் பிள்ளை ‘இங்கா, இங்கா’ என்று அரை மணி நேரம் அழுதது. ஒவ்வொரு பொம்மையாக எடுத்து நீட்டிக்கொண்டிருந்தார்கள், பாவம். பக்கத்து அறையில் இருந்த என் காதில் விழுந்து, நான் ஓடிப்போய்ப் பால் பாட்டிலைக் கொடுத்தேன்.