சீனாவில் பள்ளி மாணவர்களின் ஆங்கிலக் கேட்டல், வாசிப்புத் திறனை எப்படிச் சோதிக்கிறார்கள்?

பெரிய சோதனை என்றால் ஜூன் மாதம் நடக்கும் காவ்காவ் எனும் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வுதான். ஆங்கிலத்துக்கு 150 மதிப்பெண், இரண்டு மணி நேரம். பெரும்பாலான மாகாணங்கள் எழுதும் தேசிய வினாத்தாளை வைத்துச் சொல்கிறேன்.

கேட்டலுக்கு 20 கேள்விகள், 30 மதிப்பெண். முதல் ஐந்து குட்டி உரையாடல்களை ஒரே ஒரு முறைதான் ஒலிக்கவிடுவார்கள். அடுத்து வரும் நீளமான பகுதிகள் இரண்டு முறை ஒலிக்கும். அந்த நேரத்தில் தேர்வு மையங்களைச் சுற்றி ஹாரன் அடிக்கவும் கட்டட வேலை செய்யவும் தடை போடுவது வழக்கம்.

வாசிப்புக்கு 50 மதிப்பெண். நான்கு பத்திகளில் 15 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 2.5. அப்புறம் ஒரு கட்டுரையிலிருந்து ஐந்து வாக்கியங்களை எடுத்துவிட்டு, கீழே ஏழு வாக்கியங்களைத் தருவார்கள். சரியான ஐந்தை அதனதன் இடத்தில் பொருத்த வேண்டும். எனக்கு இதுதான் மிகவும் பிடித்த பகுதி. முன்வாக்கியத்தில் சொன்ன 'அது' எதைக் குறிக்கிறது, அடுத்த வரி அதை மறுக்கிறதா, வளர்க்கிறதா என்று பார்க்காமல் இதைப் போட முடியாது. சொற்களை மனப்பாடம் செய்தவர்கள் இங்கேதான் திணறுவார்கள்.

குறை என்று பார்த்தால், இவை எல்லாமே விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள். கேட்டதைத் தன் சொற்களில் சொல்லும் வாய்ப்பு மாணவருக்கு இல்லை. பெய்ஜிங்கில் 2021 முதல் கேட்டலோடு பேச்சையும் சேர்த்துக் கணினியில் சோதிக்கிறார்கள். இதற்கு 50 மதிப்பெண். மற்ற மாகாணங்களும் இந்த வழியில் வர வேண்டும் என்பது என் கருத்து.