கவுன்சிலருக்கு எதற்குச் சம்பளம்? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

எங்கள் தெருவில் பாதாளச் சாக்கடைக்குத் தோண்டிய பள்ளம் ஒன்றரை வருடமாக அப்படியே கிடக்கிறது. சொத்துவரியை மட்டும் 2022-ல் ஏற்றிவிட்டார்கள். அடுத்த வருடமே கவுன்சிலர்களுக்கு மாதாமாதம் பணம் என்று அறிவிப்பு. சேவை செய்ய வருகிறோம் என்று கைகூப்பி ஓட்டுக் கேட்டவர்களுக்கு நம் வரிப்பணத்தில் எதற்குச் சம்பளம்? காமராஜர் காலத்தில் இப்படியா இருந்தது? நீங்கள் ஒரு கூட்டத்தில் கவுன்சிலர்களுக்கு இன்னும் அதிகமாகவே கொடுக்கலாம் என்று பேசியதாக நண்பர் சொன்னார். நம்ப முடியவில்லை.

ச.

அன்புள்ள ச.,

நம்பலாம், பேசினேன். கைதட்டல் ஒன்றும் வரவில்லை, பேசி முடித்து இறங்கியதும் ஒருவர் வந்து "சார் எந்த வார்டுல நிக்கப் போறீங்க?" என்று கேட்டார்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். 2023 ஜூலை முதல் மாநகராட்சி கவுன்சிலருக்கு மாதம் 10,000, நகராட்சியில் 5,000, பேரூராட்சியில் 2,500 ரூபாய் மதிப்பூதியம். மேயருக்கு 30,000. 2022 தேர்தல் நடந்தபோது மூன்றிலும் சேர்த்து 12,838 இடங்கள். பெருக்கிக் கூட்டினால், தலைவர்களும் துணைத்தலைவர்களும் கூடுதலாக வாங்குவதையும் சேர்த்து, வருடத்துக்கு எழுபது கோடி சொச்சம் வருகிறது. கேட்க மலைப்பாகத்தான் இருக்கும். ஆனால் 2011 கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டு நகரங்களில் இருப்பவர்கள் ஏறக்குறைய மூன்றரைக் கோடி. ஆளுக்கு வருடம் இருபது ரூபாய்.

இப்போது என் கதை. 2013-ல் மாடியில் ஒரு அறை கட்டலாம் என்று வாசலில் ஒரு லோடு மணல் இறக்கினேன். லாரி திரும்பிப் போவதற்குள் பைக்கில் இரண்டு பேர் வந்துவிட்டார்கள். "பிளான் அப்ரூவல் இருக்காண்ணே?" என்று ரொம்பப் பணிவாகக் கேட்டார்கள். இருந்தது, எடுத்து நீட்டினேன், கையில் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. "அதெல்லாம் சரிண்ணே, அண்ணனை ஒரு தடவை பாத்துடுங்க." அண்ணன் என்றால் எங்கள் வார்டு கவுன்சிலர். போய்ப் பார்த்தேன். அண்ணன் அன்பாக டீ வரவழைத்தார், என் மகள் எங்கே படிக்கிறாள் என்று விசாரித்தார், பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வாசலில் செருப்பு மாட்டும்போது கூட இருந்தவர் சொன்னார்: இருபது. பதினைந்தாயிரத்துக்கு முடிந்தது. அந்த நாளில் அண்ணனுக்கு அரசாங்கம் கொடுத்தது, மன்றக் கூட்டத்துக்கு வந்து உட்கார்ந்ததற்கான சொற்ப அமர்வுப்படி மட்டும். வருடம் இருபது ரூபாய் என்ற கணக்கில் நான் அன்றைக்கே 750 வருடத்துக்கு முன்பணம் கட்டிவிட்டேன், ரசீதுதான் இல்லை.

பத்தாயிரம் கொடுத்திருந்தால் அண்ணன் வாங்காமல் இருந்திருப்பாரா என்று கேட்பீர்கள். வாங்கியிருப்பார். அவரைத் திருத்துவதற்காக நான் இதைச் சொல்லவில்லை, அவர் இடத்துக்கு வேறு யார் வரமுடியும் என்பதுதான் என் கவலை. எனக்குத் தெரிந்த ஒரு பெண் கவுன்சிலர் தையல் வேலை செய்கிறவர். மன்றக் கூட்டம் என்றால் அன்றைய கூலி போச்சு. குழாய் உடைந்தது, தெருவிளக்கு எரியவில்லை என்று வார்டில் யாராவது கூப்பிட்டால் மிஷினை விட்டு எழுந்து போகவேண்டும். கான்ட்ராக்டர் கவுன்சிலருக்கு இந்தச் சிக்கலே கிடையாது, அவருக்கு வேலையே அதுதான். உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு என்று சட்டம் போட்டுவிட்டு கையில் காசே கொடுக்காமல் விட்டால், நாற்காலியில் மனைவி இருப்பார், போனைக் கணவர் எடுப்பார். உங்கள் ஊரிலும் பார்த்திருப்பீர்கள்.

காமராஜர் பேரை இதில் இழுக்கவேண்டாம். அவர் முதல்வராவதற்கு முன்பே, 1951-லேயே, சட்டமன்ற உறுப்பினர்களுக்குச் சம்பளம் கொடுக்கச் சட்டம் வந்துவிட்டது.

சட்டமன்றம் என்றதும்தான் எனக்கும் கோபம் வருகிறது. 2017 ஜூலையில் எம்.எல்.ஏ.க்களின் மாத வருமானம் 55,000-லிருந்து 1,05,000 ஆனது. டெல்லி ஜந்தர் மந்தரில் நம் விவசாயிகள் உட்கார்ந்து போராடிக்கொண்டிருந்த நேரம் அது. அதற்கான மசோதா 2018 ஜனவரியில், போக்குவரத்துத் தொழிலாளர்கள் தங்கள் சம்பளத்துக்காக வேலைநிறுத்தம் செய்துகொண்டிருந்த அதே நாட்களில் சபைக்கு வந்தது. அந்த மாதம் 20-ம் தேதி பஸ் கட்டணத்தையும் ஏற்றினார்கள். தொகை நியாயமா இல்லையா என்பது வேறு பேச்சு. தன் சம்பளத்தைத் தானே ஏற்றிக்கொள்ளும் வசதி இந்த நாட்டில் வேறு எந்த உத்தியோகத்தில் இருக்கிறது?

அந்த வசதி ஒரு சின்ன ஊரில், யாரும் பார்க்காத நேரத்தில் கிடைத்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் பெல் என்ற ஊர் இருக்கிறது. லாஸ் ஏஞ்சல்ஸை ஒட்டிய நகரம், 35,000 சொச்சம் பேர், பெரும்பாலும் லத்தீன் அமெரிக்க வம்சாவளி உழைப்பாளிகள். கவுன்சிலர்களுக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்று மாநிலச் சட்டம் வரம்பு போட்டபோது, அந்த வரம்புக்குள் வராத, தனக்கென்று தனி விதித்தொகுப்பு வைத்துக்கொள்ளும் சாசன நகரமாக ஊரையே மாற்றிவிட்டார்கள். அதற்கு 2005 நவம்பரில் ஒரு வாக்கெடுப்பும் நடந்தது. ஓட்டுப் போட்டவர்கள் 400 பேர்கூட இல்லை. அப்புறம் என்ன, பகுதிநேர கவுன்சிலர்களுக்கு வருடம் லட்சம் டாலரை ஒட்டி வந்தது. குப்பை ஆணையம், வீட்டுவசதி ஆணையம் என்று பெயருக்கு வாரியங்கள், ஒவ்வொன்றிலும் உறுப்பினர் என்று தனித்தனிப் படி. கூட்டம் நடந்தாலும் ஓரிரு நிமிடத்தில் முடிந்துவிடும். நகர நிர்வாகி ராபர்ட் ரிஸ்ஸோவின் சம்பளம் 7,87,637 டாலர், அன்றைக்கு அமெரிக்க ஜனாதிபதிக்கே 4,00,000-தான். அவர் பந்தயக் குதிரைகளும் வைத்திருந்தார், அதில் ஒன்றின் பெயருக்கு பிரெஞ்சு மொழியில் 'பணத்தைச் செலவழி' என்று அர்த்தமாம். இதையெல்லாம் 2010-ல் வெளியே கொண்டுவந்த லாஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ் நிருபர்கள் பெல் ஊரை விசாரிக்கப் போனவர்களே இல்லை. பக்கத்து ஊரான மேவுட்டின் பிரச்சினையைத் தோண்டப் போய் இது அகப்பட்டது. 2014-ல் ரிஸ்ஸோவுக்குப் பன்னிரண்டு வருடச் சிறை.

ஐந்து கவுன்சிலர்களில் ஒருவருக்கு மட்டும் மாதம் சட்டப்படியான சில நூறு டாலர்தான் போய்க்கொண்டிருந்தது. மற்றவர்கள் வாங்குவதே தனக்குத் தெரியாது என்றார் அவர். பக்கத்து நாற்காலியில் இருந்தவருக்கே தெரியவில்லை, பாருங்கள்.

ஓரிரு நிமிடக் கூட்டத்தை நானும் பார்த்திருக்கிறேன், நம் ஊரில்தான். ஒரு நகராட்சி மன்றத்தில், பார்வையாளர்களுக்கென்று சுவரோரம் போட்டிருந்த நான்கு பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஒன்றில் உட்கார்ந்திருந்தேன், மற்ற மூன்றும் காலி. அஜெண்டாவில் 64 பொருள்கள். ஊழியர் ஒருவர் எண்ணை மட்டும் வாசித்துக்கொண்டே போனார், எட்டாவதோ ஒன்பதாவதோ வரும்போது பின்வரிசையிலிருந்து ஒரு குரல் "ஆல் பாஸ்" என்றது, எல்லோரும் மேஜையைத் தட்டினார்கள், வடை வந்துவிட்டது. ஒரு உறுப்பினர் மட்டும் 41-ம் எண்ணில் மழைநீர் வடிகால் மதிப்பீடு ஏன் இரண்டு மடங்காகியிருக்கிறது என்று எழுந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தார். மைக் அணைந்திருந்தது.

உங்கள் தெருப் பள்ளமும் இப்படி ஏதோ ஒரு எண்ணாகத்தான் ஒரு அஜெண்டாவில் இருந்திருக்கும். வேலையை யார் எடுத்தார்கள், பில் பாஸாகிவிட்டதா, எத்தனை பாக்கி என்று தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனுப் போடுங்கள், பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் போதும். அடுத்த மன்றக் கூட்டம் எந்தத் தேதி என்றும் விசாரித்துக்கொள்ளுங்கள். போய் உட்கார்ந்துவிட்டு வந்து அங்கே பார்த்ததை எழுதி அனுப்பினால் இங்கேயே போடுகிறேன்.