மைத்துனரின் தேர்தல் நன்கொடை குறித்து

வணக்கம். நியூயார்க் நகரமன்றத் தேர்தலில் குயின்ஸிலிருந்து போட்டியிடும் உங்கள் மைத்துனருக்கு, நியூ ஜெர்சி நண்பர் 500 டாலரும், மளிகைக்கடைக்காரர் தம் கம்பெனிக் கணக்கிலிருந்து 250 டாலரும் தர முன்வந்திருப்பதாகவும், இவற்றுக்கு நகரத்தின் இணைநிதி (சிறு நன்கொடைகளுக்கு ஈடாக நகரம் வேட்பாளருக்குத் தரும் பொதுப்பணம்) கிடைக்குமா என்றும் கேட்டிருந்தீர்கள். இரண்டுக்குமே கிடைக்காது, ஆனால் காரணங்கள் வெவ்வேறு.

நண்பரின் பணத்தைத் தாராளமாக வாங்கலாம். நகரவாசிகள் தரும் நன்கொடைக்கே இணைநிதி உண்டு என்பதால், அது செலவுக்கு உதவுமே தவிரப் பெருகாது. கம்பெனிக் காசோலையோ வாங்கவே கூடாதது; நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கடைக்காரர் நகரவாசியாக இருந்து, தம் சொந்தக் கணக்கிலிருந்து அதே 250 டாலரைத் தந்தால், அதில் முதல் 175 டாலருக்கு ஒன்றுக்கு எட்டு வீதம் 1,400 டாலர் இணைநிதி கணக்கிடப்படும். கிரீன் கார்டு வைத்திருப்பவர்களும் நன்கொடை தரலாம் என்பதை நம்மவர்கள் பலர் அறிவதில்லை.

இணைநிதிக்குத் தகுதி பெற, தொகுதிக்குள்ளேயே குறைந்தது 75 பேர் தலா 10 டாலராவது தந்திருக்க வேண்டும். நகரவாசிகளின் நன்கொடைகளில் இணைநிதிக்குக் கணக்காகும் பகுதி மட்டும் மொத்தத்தில் 5,000 டாலர் சேர வேண்டும். என் பார்வையில், பெரிய தொகை தேடி அலைவதைவிட முதலில் அந்த 75 பேரைப் பிடிப்பதே புத்திசாலித்தனம்.

இன்னொன்று: வேட்புமனுவுக்கான கையொப்பத் தாள்களைப் பெற்றுக்கொள்வதும் வாக்குப்பதிவை நடத்துவதும் தேர்தல் வாரியம், நன்கொடைக் கணக்கைப் பார்ப்பது 1988-இல் உருவான பிரசார நிதி வாரியம். தேர்தல் முடிந்தபின் தணிக்கையும் உண்டு. மீந்த பொதுப்பணத்தைத் திருப்பித்தர வேண்டியிருக்கும். ஆகவே ஒவ்வொரு ரசீதையும் பத்திரமாக வைத்திருக்கச் சொல்லுங்கள்.