பையன் கேட்பது வெல்டிங், பெரியப்பா கேட்பது கம்ப்யூட்டர் சயின்ஸ்

உங்கள் பையனின் படிப்பைப் பற்றி ராத்திரி பதினொரு மணிக்கு நீங்கள் அனுப்பிய வாய்ஸ் மெசேஜை இரண்டு முறை கேட்டேன் அம்மா. பயப்படாதீர்கள் என்று பதில் போடத்தான் நினைத்தேன், ஆனால் நகையை அடகு வைத்து மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட் வாங்கப்போவதாகச் சொன்னீர்களே, அதற்கப்புறம் ஆறுதல் சொல்ல மனசு வரவில்லை. வேண்டாம். அந்த வட்டியைப் பெரியப்பா கட்டப்போவதில்லை, நீங்கள்தான் கட்டவேண்டும். லீவில் கிரில் பட்டறையில் போய் நின்ற பையன் அவன், கோடிங் பக்கம் ஒருநாளும் போனதில்லை என்று நீங்களே சொல்கிறீர்கள்.

நீங்கள் பெரம்பூரில்தானே இருக்கிறீர்கள்? பக்கத்திலேயே ஐ.சி.எஃப்., அதான் ரயில்வேயின் பெட்டித் தொழிற்சாலை, இருக்கிறது. 1955-லிருந்து ரயில் பெட்டி கட்டுகிறார்கள், முதல் வந்தே பாரத் 2018-ல் அங்கிருந்துதான் வெளியே வந்தது. அதே வருடம் ஜனவரியோடு பழைய மாடல் பெட்டியை நிறுத்திவிட்டு எல்.எச்.பி. என்கிற புது மாடல் பெட்டிக்கு முழுசாக மாறிவிட்டார்கள். இந்தப் பெட்டியின் உடம்பு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். அடிச்சட்டம், பக்கச்சுவர், கூரை என்று தனித்தனியாகச் செய்து, அளவு பிசகாமல் ஜிக் என்கிற பிடிசட்டத்தில் பிடித்துவைத்து வெல்டு செய்து சேர்ப்பார்கள், நீளம் 23 மீட்டருக்கு மேல். மெல்லிய தகடு, சூடு கொஞ்சம் கூடினாலும் நெளிந்துவிடும். அப்புறம் போகி ஃபிரேம், அதாவது பெட்டிக்கு அடியில் சக்கரங்களைத் தாங்கும் சட்டம், இருக்கிறது, மொத்தப் பெட்டியின் பாரமும் அதன்மேல்தான், அந்த வெல்டில் விரிசல் விட்டால் ஆபத்து. "வெல்டரா?" என்று முகம் சுளித்த பெரியப்பா ஊருக்குப் போகும்போது அப்படி ஒருவர் போட்ட வெல்டை நம்பித்தான் தூங்குகிறார்.

அங்கே ஆக்ட் அப்ரண்டிஸ் என்று, அப்ரண்டிஸ் சட்டப்படி தொழில் பழக, வருடத்துக்கு ஒருமுறை ஆள் எடுப்பார்கள். வயது 15-லிருந்து 24-க்குள், ஐ.டி.ஐ. படிக்காதவர்களுக்கு 22-க்குள், பத்தாம் வகுப்பில் 50 சதவீதம் இருந்தால் விண்ணப்பிக்கலாம், எழுத்துத் தேர்வு கிடையாது, மார்க்கை வைத்துத்தான் பட்டியல். வெல்டர் பயிற்சி ஒன்றேகால் வருடம், ஃபிட்டர் என்றால் இரண்டு வருடம். பயிற்சிக்கு ஃபீஸ் கட்டவேண்டாம், அவர்களே மாதாமாதம் உதவித்தொகை கொடுப்பார்கள்.

ஒன்றை மறைக்க மாட்டேன். பயிற்சி முடித்தால் ரயில்வே வேலை தானாக வந்துவிடாது. ரயில்வேயின் லெவல் 1, அதாவது ஆரம்பநிலை, பணியிடங்களுக்கு நேரடியாக ஆள் எடுக்கும்போது 20 சதவீதம் இப்படிப் பயிற்சி முடித்தவர்களுக்கு ஒதுக்கியிருக்கிறார்கள், ஆனால் அதற்கும் தேர்வு எழுதி ஜெயிக்கவேண்டும். அது கிடைக்காமல் போனாலும் கையில் மத்திய அரசுச் சான்றிதழும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வெல்டிங் பழக்கமும் இருக்கும். ஆந்திராவில் ஸ்ரீசிட்டியில் அல்ஸ்டாம் கம்பெனி மெட்ரோ ரயில் பெட்டி கட்டுகிறது, அந்த மாதிரி இடங்களிலும் கேட்டுப் பார்க்கலாம். டிப்ளமோ படிக்க ஆசை வந்தால் அப்புறம் படிக்கட்டுமே, வயதா ஓடிவிட்டது.

"உள்ளே ஆள் இருக்கு, சேர்த்துவிடறேன்" என்று எவனாவது பணம் கேட்டால் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள், அது ஏமாற்று.

நகையை பீரோவிலேயே வையுங்கள். பையனின் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டை போட்டோ எடுத்து நாளைக்கு அனுப்புங்கள், கூடவே பெரியப்பா நம்பரும். அவரிடம் நானே பேசிக்கொள்கிறேன்.