அந்தக் கால ஸ்கைடைவிங் எப்படி இருந்தது? நேரில் குதித்தவர்கள் யாராவது சொல்வீர்களா?

சொல்கிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் விமானத்திலிருந்து பாராசூட்டோடு முதல் தடவை குதித்தது 1973 செப்டம்பரில். அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலம், சுற்றிலும் மக்காச்சோளக் காடு, நடுவே புல்தரை ஓடுபாதை ஒன்று. கடைசியாகக் குதித்தது 1991இல். மொத்தம் 412 தடவை. இன்றைக்குக் குதிக்கிறவர்களிடம் இந்தக் கணக்கைச் சொன்னால் சிரிப்பார்கள். இதை ஒரே வருஷத்தில் முடித்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

"ஆரம்ப காலம்" என்று உரிமை கொண்டாடவும் எனக்கு முழுத் தகுதி கிடையாது. கை கால்களை விரித்து, முதுகை வில்லாக வளைத்தால் உடம்பு உருளாமல் விழும் என்று பிரெஞ்சுக்காரர் லியோ வலான்தன் செய்து காட்டியது இரண்டாம் உலகப்போர் முடிந்த கையோடு. முதல் உலகப் போட்டி 1951இல் யுகோஸ்லாவியாவின் பிளெட் நகரில் நடந்தது. 1959 மே மாதம் ஜாக் இஸ்டெல் என்பவர் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஆரஞ்ச் என்ற சிற்றூரில் பொதுமக்களுக்கான பயிற்சி நிலையத்தைத் திறந்தார். அமெரிக்காவில் பட்டாளத்துக்காரன் வேலையாக இருந்தது ஞாயிற்றுக்கிழமை விளையாட்டாக மாறியது ஏறக்குறைய அப்போதுதான். நான் போய்ச் சேர்ந்தது அதற்கு 14 வருஷம் கழித்து. ஆனாலும் எங்கள் முதுகில் தொங்கியது என்னவோ பட்டாளம் கழித்துக் கட்டிய சாமான்தான்.

இதைக் கேட்கிற எல்லோரும் "குதிக்கும்போது பயமாக இல்லையா?" என்றுதான் ஆரம்பிப்பார்கள். இருந்தது. ஆனால் அது அரை நிமிஷச் சங்கதி. அந்தக் கால ஸ்கைடைவிங்கில் முக்கால்வாசி நடந்தது தரையில். துணி, கயிறு, தையல், மடிப்பு, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று வானத்தை அண்ணாந்து பார்ப்பது. இதில் கோட்டை விட்டவனுக்கு மேலே போய் தைரியம் இருந்து ஒரு பிரயோசனமும் இல்லை.

மாணவர்களுக்குக் கொடுத்த குடை, அதாவது பாராசூட்டில் விரிகிற துணி, 'சி-9'. போர் விமானி ஆபத்தில் வெளியே பாயும்போது விரிவதற்காகச் செய்தது. விட்டம் 28 அடி, 28 துணிப்பட்டை, 28 கயிறு. ஆரஞ்சு, வெள்ளை, பச்சை, மணல் நிறம் என்று நான்கு வண்ணம். விழுந்த இடத்தில் ஒளிய வேண்டுமா, இல்லை தன்னைக் கண்டுபிடிக்கச் செய்ய வேண்டுமா என்பதைப் பொறுத்து விமானி துணியை வெட்டிப் பயன்படுத்திக்கொள்ள அந்த ஏற்பாடு. முழு வட்டமாக இருந்தால் காற்று இழுத்த பக்கம் போகும், திருப்ப முடியாது. அதனால் பின்பக்கப் பட்டைகளில் சிலதை வெட்டி எடுத்துவிட்டு ஓரம் தைத்திருப்பார்கள். அந்த ஓட்டை வழியாகக் காற்று பின்னால் பீய்ச்ச, குடை முன்னால் நகரும். ஓட்டையின் வடிவம் ஆங்கில எழுத்துகள் போல இருக்கும் என்பதால் '7-டி.யூ.' என்று பெயர். வேகம் என்று பார்த்தால் அவசரமாக நடக்கிற ஆள் அளவுதான். எதிர்க்காற்று கொஞ்சம் கூடினால் முகம் ஒரு பக்கம் இருக்க, உடம்பு பின்பக்கமாகப் போய்க்கொண்டிருக்கும்.

எனக்கு அப்போது எடை 54 கிலோ. முதுகில் பெரிய பாராசூட், வயிற்றில் ரிசர்வ் (பெரியது விரியாவிட்டால் திறக்க வேண்டிய மாற்றுப் பாராசூட்), பட்டாளத்துப் பூட்ஸ், ஹெல்மெட் என்று கிட்டத்தட்ட 20 கிலோ சாமான். கல்யாண மண்டபத்துக்குப் பாத்திரம் தூக்கிப் போகிறவன் மாதிரி முன்னும் பின்னும் மூட்டையோடு விமானத்தை நோக்கி நடப்பேன். ஒல்லியான ஆளுக்கு ஒரு லாபம், மெதுவாக இறங்கலாம். நஷ்டமும் அதேதான். மற்றவர்கள் தளத்துக்குள் இறங்கிக் குடையைச் சுருட்டும்போது நான் இன்னும் காற்றோடு சோளக்காட்டுப் பக்கம் போய்க்கொண்டிருப்பேன்.

முதல் குதிப்புக்கு முன் ஒரு நாள் பயிற்சி. பாதி நேரம் விழுவதற்கே போயிற்று. நான்கடி மேடையிலிருந்து மரத்தூள் குவியலில் குதித்து, பாதம், கெண்டைக்கால், தொடை, இடுப்பு, முதுகின் ஓரம் என்று வரிசையாகத் தரையில் உருள வேண்டும். வட்டக் குடையில் இறங்குவது நெஞ்சளவுச் சுவரிலிருந்து குதிப்பது போல. அதுவும் கண்ணைக் கட்டிக்கொண்டு குதிப்பது போல, ஏனென்றால் தரையைப் பார்த்தால் கால் தானாக நீளும், நீண்டால் ஒடியும்.

விமானம் செஸ்னா 182. கதவு கிடையாது, பைலட் இருக்கையைத் தவிர வேறு இருக்கையும் கிடையாது. 2,800 அடியில் ஜம்ப்மாஸ்டர், அதாவது எங்களைக் குதிக்க அனுப்பும் மூத்தவர், தோளைத் தட்டுவார். இறக்கையைத் தாங்கும் சாய்வுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்து, சக்கரத்தின் மேலேயும் அதன் படியிலும் காலை வைத்து வெளியே நிற்க வேண்டும். அந்த நேரம் பைலட் பிரேக்கை மிதித்துக்கொண்டிருக்க வேண்டும். மறந்தால் காலடியில் சக்கரம் சுழலும். விமானம் ஆகாயத்தில் இருக்கும்போது பிரேக் எதற்கு என்று அதுவரை நான் யோசித்ததே இல்லை. எங்கள் பைலட் ஒரு தடவை மறந்தார். முன்னால் இருந்தவன் "கோ" சொல்வதற்கு முன்பே போய்விட்டான்.

முதல் ஐந்தாறு குதிப்புகளில் பாராசூட்டை விமானத்தோடு கட்டிய பட்டை இழுத்துத் திறந்துவிடும். நாம் வெறும் பிடியை இழுத்து, இழுக்கத் தெரியும் என்று காட்ட வேண்டும். அடுத்தடுத்து மூன்று தடவை ஒழுங்காகச் செய்தால்தான் நாமே திறக்க அனுமதி. பிறகு திறக்காமல் விழும் நேரம் 5 விநாடி, 10, 15, 20, 30 என்று படிப்படியாக ஏறும். 30 விநாடிக்கு 7,200 அடி உயரம். வயிற்று ரிசர்வின் மேல் ஒரு உயரமானியும் ஒரு ஸ்டாப்வாட்சும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். முதல் 10 விநாடியில் ஆயிரம் அடி, அதற்குப் பிறகு ஐந்தரை விநாடிக்கு ஆயிரம் அடி என்று வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம்.

இதில் நான் சரியாகச் சொல்ல வேண்டியது மடிப்பைப் பற்றி. நீளமான மேஜையில் குடையை இழுத்துக் கட்டி, 28 பட்டையையும் புடவைக் கொசுவம் மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். அப்புறம் அதன் மேல் காலுறை போன்ற நீளத் துணி உறையைக் கீழிழுக்க வேண்டும். 'ஸ்லீவ்' என்போம். குடை படாரென்று விரியாமல் இருக்க அது. கயிறுகளை ரப்பர் வளையங்களில் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று மடித்துச் செருகி, எல்லாவற்றையும் பையில் அடக்கி, முதலில் துள்ளி வெளியே போய்ப் பெரியதை இழுக்கிற, உள்ளே சுருள்வில் வைத்த குட்டிப் பாராசூட்டை முழங்காலால் அமுக்கி, ஊசிகளைச் செருக வேண்டும். பழகியவனுக்கு அரை மணி. எனக்கு ஒன்றே கால் மணி.

எனக்கு நேர்ந்த ஒரே பெரிய ஆபத்து 31ஆவது குதிப்பில். திறந்த அதிர்ச்சி வந்தது, ஆனால் எப்போதும் போல இல்லை. அண்ணாந்து பார்த்தேன். வட்டமாக இருக்க வேண்டிய குடை எட்டு என்ற எண்ணைப் படுக்கப் போட்ட மாதிரி இரண்டு கூம்பாக நின்றது. ஒரு கயிறு குடைக்கு மேலே போய் நடுவில் இறுக்கியிருந்தது. வானம் சுற்றுகிறது, அதாவது நான் சுற்றுகிறேன்.

இந்தக் காலம் போல ஒரு பிடியை இழுத்தால் பெரியது கழன்று, மற்றது தானாக விரியும் ஏற்பாடு எங்களிடம் இல்லை. தோளில் இரண்டு இரும்புக் கொக்கி. மூடியைத் திறந்து கம்பி வளையத்தில் கட்டை விரலை மாட்டி இழுத்தால் கழலும். ஆனால் பாதி விரிந்த குடையைக் கழற்றாதே என்பது மாணவருக்குச் சொல்லிக் கொடுத்த பாடம். ரிசர்வில் சுருள்வில் குட்டிப் பாராசூட்டும் கிடையாது. அதனால் இடது கையால் ரிசர்வை மூடிப் பிடித்து, வலது கையால் பிடியை இழுத்து, வெள்ளைத் துணியை இரண்டு கையாலும் வாரி, சுற்றுகிற திசையில் கீழ்நோக்கி வீச வேண்டும். வீசினேன். காற்று அதைத் திருப்பி என் முகத்திலேயே போர்த்தியது. ஒரு கணம் வெள்ளையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. திரும்ப வாரி, இன்னும் பலமாக வீசினேன். இந்தத் தடவை சடசடவென்று பிடித்துக்கொண்டது. தலைக்கு மேல் ஒன்றரைக் குடையோடு சோயா வயலில் இறங்கினேன். டிராக்டரை நிறுத்திவிட்டு வந்த விவசாயி, நான் அந்த வருஷம் அவர் வயலில் விழுந்த மூன்றாவது ஆள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அந்தப் பாராசூட்டை மடித்தது வேறு யாருமல்ல, நானேதான். முந்தின நாள் சாயங்காலம், பக்கத்து மேஜைக்காரனோடு தேர்வு மார்க்கைப் பற்றி வம்பு பேசிக்கொண்டே மடித்தேன். எந்த இடத்தில் கவனம் சிதறியது என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியும். ரிசர்வை மடித்தவர் அரசு உரிமம் பெற்ற ரிக்கர், அதாவது பாராசூட் மடிக்கிற தொழில்காரர். அப்போது சட்டப்படி 60 நாளுக்கு ஒரு முறை அவர் அதைப் பிரித்து மறுபடி மடிக்க வேண்டும், இப்போது 180 நாள். ரிசர்வ் காப்பாற்றினால் ரிக்கருக்கு ஒரு பாட்டில் வாங்கிக் கொடுப்பது வழக்கம். அதுவரை மதுக்கடை வாசலை மிதிக்காதவன், எது நல்ல பாட்டில் என்று கடைக்காரரிடமே கேட்டு வாங்கினேன்.

வீட்டுக்கு ஒரு வருஷம் சொல்லவில்லை. பிறகு ஒரு போட்டோவை வைத்துக் கடிதம் எழுதினேன். அப்பாவுக்கு ஈரோட்டில் ஜவுளிக்கடை. மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. "படம் கிடைத்தது. அது பட்டா, நைலானா? கிழியாதிருக்கக் குறுக்கே கட்டம் போட்டு நெய்திருக்கிறதே, கஜம் என்ன விலை?" கடிதத்தின் ஓரத்தில் அம்மா எழுத்து: "இனிமேல் போகாதே."

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எந்த இடத்தில் குதிப்பது என்று தீர்மானிக்க அன்றைக்கு எந்தக் கருவியும் இல்லை. முதலில் இலக்குக்கு நேர் மேலே போய், 20 அடி நீள வண்ணக் காகிதப் பட்டை ஒன்றை, கீழே கம்பி கட்டி, வெளியே போடுவோம். அது காற்றில் எவ்வளவு தூரம் தள்ளிப்போய் விழுகிறதோ, அவ்வளவு தூரம் எதிர்ப்பக்கம் போய்க் குதிக்க வேண்டும். ஜம்ப்மாஸ்டர் விமானத்தின் தரையில் படுத்துத் தலையை வெளியே நீட்டி, "அஞ்சு வலது, அஞ்சு வலது" என்று, எத்தனை டிகிரி திருப்ப வேண்டும் என்பதைப் பைலட்டிடம் கத்துவார். மேகம் மறைத்தால் குதிக்காமல் விமானத்தோடேயே இறங்கிவிடுவோம். எங்கள் மூத்தவர்கள் இதில் ஈவிரக்கம் பார்க்க மாட்டார்கள். காரணம் பக்கத்திலேயே இருந்தது.

1967 ஆகஸ்ட் 27ஆம் தேதி, அதே ஒஹாயோவில், பழைய பி-25 குண்டுவீச்சு விமானம் ஒன்றிலிருந்து மேகத்துக்கு மேலே 18 பேர் குதித்தார்கள். தரைக்கட்டுப்பாட்டு அதிகாரி ரேடார் திரையில் வேறொரு சிறு விமானத்தை இவர்களுடையது என்று நினைத்து, தளத்துக்கு மேலே இருக்கிறீர்கள் என்று சொல்லியிருந்தார். மேகத்தைத் தாண்டி வந்தபோது கீழே இருந்தது ஈரி ஏரி. கரை மைல்கணக்கில் தள்ளி. பூட்ஸ், உடுப்பு, இரண்டு பாராசூட் எல்லாவற்றோடும் தண்ணீரில் விழுந்தவர்களில் இரண்டு பேர்தான் பிழைத்தார்கள். எங்கள் கிளப்பில் ஒருவர் அந்தப் பதினாறு பேரில் சிலரோடு பழகியவர். அவர் அதைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. மேகத் துண்டு ஒன்று வந்தாலும் கையை ஆட்டி விமானத்தைத் திருப்பச் சொல்வார், அவ்வளவுதான்.

பிற்பாடு எல்லாம் மளமளவென்று மாறியது. பட்டம் செய்கிற டொமினா ஜால்பெர்ட் 1964இலேயே காற்றை உள்ளே வாங்கி இறக்கை போலப் புடைக்கும் துணியைக் கண்டுபிடித்திருந்தார். எழுபதுகளின் நடுவில்தான் அது சதுரக் குடையாக எங்கள் தளத்துக்கு வந்தது. முதன்முதலில் ஒருவர் அதில் வந்து, கடைசி நொடியில் இரண்டு கயிற்றையும் இழுத்து, நின்ற வாக்கில், பஸ்ஸிலிருந்து இறங்குவது போலத் தரையில் கால் வைத்ததைப் பார்த்தேன். மரத்தூளில் உருண்டு நான் கற்ற வித்தை அத்தனையும் அன்றைக்குப் பழசாகிவிட்டது. கொஞ்சம் வயிற்றெரிச்சல்தான். பெரிய குடையைச் சுலபமாகக் கழற்றிவிட பில் பூத் என்பவர் கண்டுபிடித்த மூன்று வளையப் பூட்டு வந்து தோள் கொக்கிகளுக்கு விடைகொடுத்தது. 1991இல், உயரம் பார்த்துத் தானே ரிசர்வைத் திறக்கும் 'சைப்ரஸ்' என்ற ஜெர்மன் கருவி வந்தது. அதே வருஷம் என் முழங்கால் போதும் என்றது.

அந்த '7-டி.யூ.' குடையை 1978இல் கிளப் கழித்தபோது 15 டாலருக்கு நான் வாங்கிக்கொண்டேன். அடுத்த கோடையில் எங்கள் ஊர்த் தமிழ்க் குடும்பங்கள் பார்க்கில் கூடினபோது, அதை நான்கு மரத்தில் கட்டிப் பந்தல் போட்டேன். ஆரஞ்சும் வெள்ளையும் பச்சையுமாகப் பார்க்க ஜோராக இருந்தது. பந்தி நடுவில் மழை பிடித்துக்கொண்டது. வெட்டி எடுத்த பட்டைகளின் ஓட்டைக்கு நேர் கீழே பாயச அண்டாவை வைத்தவனும் நான்தான்.