செல் சாவு, வைரஸ், இன்டர்ஃபெரான்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

லாஸ்பேட்டை, எம்.எஸ்சி. மாணவி: மேடம், கேஸ்பேஸ்-8 செல்லைக் கொல்லும் புரதம் என்கிறார்கள். அதை நீக்கினால் எலி கருவிலேயே செத்துவிடுகிறதாமே, எப்படி?

அதற்கு இரண்டு வேலை இருக்கிறதும்மா. செல்லைச் சத்தமில்லாமல் பிரித்துப்போடும் அப்போப்டோசிஸைத் தொடங்குவது ஒன்று, ஆர்ஐபிகே3 என்ற புரதத்தை அடக்கி வைப்பது இன்னொன்று. அடக்க ஆள் இல்லாவிட்டால் ஆர்ஐபிகே3 போய் எம்எல்கேஎல் புரதத்தை உசுப்பிவிடும், அது செல்லின் சவ்வைக் கிழித்து உள்ளே இருப்பதையெல்லாம் வெளியே கொட்டிவிடும். இதுதான் நெக்ரோப்டோசிஸ். கேஸ்பேஸ்-8, ஆர்ஐபிகே3 இரண்டையும் சேர்த்து நீக்கியபோது எலிகள் பிறந்து வளர்ந்தன என்று 2011இல் காட்டினார்கள். இவ்வளவு ஆபத்தான ஒன்றை உடம்பு ஏன் வைத்திருக்கிறது? மாட்டம்மை வைரஸின் சிஆர்எம்ஏ புரதம் கேஸ்பேஸைப் பூட்டிவிடும். முதல் வழி அடைபட்டால் செல் சாவதற்கு இரண்டாவது வழி வேண்டும், அதற்குத்தான். எனக்கு இந்தத் துறையிலேயே ரொம்பப் பிடித்த இடம் இது.

விருத்தாசலம், விவசாயி: மல்லாட்டையில் (நிலக்கடலை) புரோடீனியா புழுவுக்கு என்பிவி வைரஸ் கரைசல் அடித்தேன். மூன்று நாளாகியும் புழு சாகவில்லை. மருந்து சரியில்லையா?

பொறுங்கள் ஐயா, ஒரு வாரம் வரை ஆகும். வைரஸ் பெருக வேண்டுமென்றால் புழுவின் செல் அதுவரை உயிரோடு இருக்க வேண்டும். இந்தக் குடும்பத்து வைரஸ் ஒன்றில் பி35 என்று ஒரு புரதம் உண்டு, செல்லைக் கொல்லும் கேஸ்பேஸ் அதைக் கடித்தால் எலிப்பொறியில் மாட்டிய மாதிரி அங்கேயே சிக்கிக்கொள்ளும். செல் சாவைத் தடுக்கும் ஐஏபி புரதங்களை 1993இல் முதலில் கண்டதும் இதே குடும்பத்தில்தான், மனிதனிடம் இருப்பது அப்புறம்தான் தெரிந்தது. கடைசியில் புழு செடியின் உச்சிக்கு ஏறித் தலைகீழாகத் தொங்கும், தொட்டால் தோல் கிழிந்து நீராக ஒழுகும். அடுத்த முறை புழு சின்னதாக இருக்கும்போதே, வெயில் தாழ்ந்த பிறகு அடியுங்கள், வெயில் பட்டால் வைரஸ் வீணாகிவிடும்.

கடலூர் முதுநகர், ஒரு தாய்: பையனுக்கு டெங்கு. உடம்பு வலியில் துடிக்கிறான், வைரஸ்தான் இப்படிப் பண்ணுகிறதா?

பெரும்பாலும் அவன் உடம்பே எழுப்பும் எச்சரிக்கைதான் அக்கா. ரிக்-ஐ என்ற புரதம் செல்லுக்குள் வைரஸின் ஆர்என்ஏவைப் பார்த்ததும், செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா மேல் உட்கார்ந்திருக்கும் எம்ஏவிஎஸ் என்ற புரதத்துக்குச் சொல்லும், அங்கிருந்து வைரஸை எதிர்க்கச் செல்களை உஷார்ப்படுத்தும் இன்டர்ஃபெரான் என்ற புரதத்தைச் செய்ய உத்தரவு போகும். காய்ச்சலும் வலியும் அதோடு சேர்ந்தே வரும். டெங்குவும் சும்மா இருக்காது, இன்டர்ஃபெரானின் செய்தியைச் செல்லுக்குள் கடத்தும் ஸ்டாட்2 புரதத்தைத் தன் என்எஸ்5 புரதத்தால் ஒழித்து அந்தச் செய்தியைப் பாதியில் முடக்கப் பார்க்கும். பாராசிட்டமால் மட்டும் கொடுங்கள், ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன் கூடவே கூடாது. காய்ச்சல் விட்ட பிறகுதான் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்: விடாத வயிற்றுவலி, வாந்தி, ரத்தக்கசிவு, எது வந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

நெய்வேலி: செல்லைச் சாகாமல் காக்கும் புரதத்தைக் கூட்ட டானிக் விற்கிறார்களே, வாங்கலாமா?

வேண்டாம். நாள்பட்ட லிம்போசைட் ரத்தப் புற்றில் பிசிஎல்-2 என்ற அப்படிப்பட்ட புரதம் மிகுந்துபோய்த்தான் சாக வேண்டிய வெள்ளணுக்கள் சாகாமல் குவிகின்றன. அதை அடக்கும் வெனிட்டோகிளாக்ஸ் மாத்திரைக்கு 2016இல் அமெரிக்காவில் அனுமதி கொடுத்தார்கள்.